சின்னவளின் உயரம்

1. பச்சை முகங்கள்

எண்பதுகளின் நடுப்பகுதியில், ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்புக் கம்பெனியின் லண்டன் கிளையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே ஒரு முழு எபிசோட்டில் இருந்தவர்களின் முகங்களைப் பச்சையாக்கினேன்.

கிளை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சோஹோவில் ஒரு பழைய கட்டடம். மேல்மாடியில் விற்பனைக்காரர் நால்வர், நிலவறையில் மெஷின் அறை. அமெரிக்காவிலிருந்து வரும் டேப்புகளை ஐரோப்பிய முறைக்கு மாற்றி, ஒவ்வொரு எபிசோட்டையும் முழுதாகப் பார்த்து, கோளாறு இருந்தால் தாளில் குறிப்பது என் வேலை. இதற்கு கியூ.சி. என்று பெயர். டூட்டிங்கில் என்னோடு அறையில் இருந்தவர்கள், "உனக்கென்ன, காசும் தந்து படமும் காட்டுறாங்கள்" என்று வயிறெரிந்தார்கள். ஒரே பகிடியை எட்டுத் தரம் பார்க்க வேண்டியவனின் பாடு அவர்களுக்கு எங்கே தெரியும்?

மெஷின் அறையின் பொறுப்பாளர் கோபால் அண்ணை. மலேசியாவில் கிள்ளான்காரர், படிக்க வந்து இங்கேயே தங்கியவர். அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் நான் சுறுசுறுப்பைக் காட்ட நினைத்து, முதல் டேப் முடிந்ததும் இரண்டாவதை ஏற்றி நேரே ஓட விட்டேன். அவர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார்.

"சிவம், பார் பாத்து வச்சிங்களா?"

"முதல் டேப்புக்கு வைச்சனான் அண்ணை."

"அது அந்த டேப்புக்கு லா! ஒவ்வொரு டேப்புக்கும் அதோட சொந்த பார் இருக்கு. முந்தின டேப்போட செட்டிங்ல இத ஓட்டினா, இதுல மூஞ்சி பச்சையாத்தான் தெரியும். டேப் மேல தப்பு இல்ல, உங்க மேலதான் தப்பு."

விஷயம் இதுதான். டேப்பின் தொடக்கத்தில் கதைக்கு முன்னால் ஒரு நிமிடம் வண்ணப் பட்டைகள் ஓடும். அவைதான் பார். அவற்றைப் பார்த்துக் குமிழ்களைத் திருகி மெஷினைச் சரிசெய்துவிட்டுத்தான் கதைக்குள் போக வேண்டும். அன்று மாலை வரை கோபால் அண்ணை என்னோடு கதைக்கவில்லை. நானும் அதற்குப் பிறகு அந்தப் பிழையைச் செய்யவில்லை, மெஷின் அறையில்.

2. முன்பல்

கம்பெனியைத் தொடங்கியவர்கள் இரண்டு நகைச்சுவை எழுத்தாளர்கள். வாடகை அறையில் ஒரு வினாடி வினா நிகழ்ச்சியோடு ஆரம்பித்து வளர்ந்தவர்கள். நான் சேர்ந்த வருடம் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடரை எடுக்கத் தொடங்கினார்கள். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு பெரிய சமையலறை. கடைசிப் பெண்ணுக்கு ஐந்து வயது. நான் அவளுக்குச் சின்னவள் என்று பெயர் வைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் என் மகள் தர்ஷினிக்கும் அப்போது ஐந்து வயது. மூன்று வயதில் அவளை மனைவி ராணியிடம் விட்டுவிட்டு வந்தவன் நான். கடிதம் வந்தால் வரும், வராவிட்டால் மாதக்கணக்கில் வராது. படங்கள் இரண்டுதான் வந்தன, இரண்டிலும் முகம் தெளிவில்லை. ஆனால் சின்னவள் வாராவாரம் வந்தாள், நல்ல வெளிச்சத்தில், கிட்டத்தில்.

இரண்டாம் சீசனில் சின்னவள் மேல்வரிசை முன்பல் இல்லாமல் சிரித்தாள். அடுத்த மாதம் ராணியின் கடிதம் வந்தது. "தர்ஷினிக்குப் பல் விழுந்திட்டுது" என்று ஒரு வரி. கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், அந்த எபிசோட்டை மறுபடி ஏற்றி, அந்தச் சிரிப்பில் நிறுத்திவைத்துப் பார்த்தேன். அழுதேன். எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்று ஒரு பைத்தியக்காரச் சந்தோஷமும் இருந்தது.

அதன் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. முதல் சீசனில் சின்னவளின் தலை குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடிக்குக் கீழே நின்றது. மூன்றாவதில் கைப்பிடிக்குச் சமம். நான்காவதில் மேலே. கோளாறு எழுதும் தாளின் ஓரத்தில் நான் அதைப் பென்சிலால் குறித்து வந்தேன். கோபால் அண்ணை பார்த்தும் பாராததுபோல இருந்தார்.

3. நூறு

இந்தத் தொழிலில் அப்போது நூறு என்ற எண்ணுக்குத் தனி மரியாதை. ஒரு தொடரை எடுக்க ஆகும் செலவை ஒளிபரப்பும் நிலையம் முழுதாகத் தராது. நட்டத்தில்தான் எடுப்பார்கள். நூறு எபிசோட் அளவுக்குச் சேர்ந்துவிட்டால், ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்கு தினமும் மறுஒளிபரப்பு செய்ய விற்கலாம். லாபம் அங்கேதான். மேல்மாடிக்காரர்கள் சுவரில் எபிசோட் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள்.

நான்காம் சீசனோடு தொடரை நிறுத்தினார்கள். நூறை எட்டவில்லை. கம்பெனி கைமாறப் போகிறது, கிளையில் ஆள் குறைப்பார்கள் என்று பேச்சு அடிபட்டது.

"அடுத்த சீசன் இல்லையாம் லா. நமக்கு வேலை இருக்குமோ என்னமோ" என்றார் கோபால் அண்ணை.

"அப்ப சின்னவள் இனி வளரமாட்டாளோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "வீட்டுக்காரங்க விசா என்னாச்சு, சிவம்?" என்றார்.

4. ஹீத்ரோ

விசா அடுத்த வருடம் கிடைத்தது. அமெரிக்கப் பெரிய ஸ்டூடியோ ஒன்று கம்பெனியை வாங்கி, மேல்மாடியைக் காலி செய்து, நிலவறையை மட்டும் வைத்திருந்தது. ராணியும் தர்ஷினியும் படகிலும் லொறியிலும் பஸ்ஸிலும் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து விமானம் ஏறினார்கள். இங்கே ஜனவரிக் குளிர். பிள்ளைக்குக் கோட் வாங்கப் போனேன். கடைக்காரி வயதைக் கேட்டாள். நான் வயதைச் சொல்லாமல் என் நெஞ்சில் கைவைத்து உயரம் காட்டினேன். நான்காம் சீசனின் உயரத்தோடு ஒரு வருட வளர்ச்சியையும் சேர்த்த கணக்கு அது. நல்ல சிவப்புக் கோட்.

ஹீத்ரோவில் ராணியைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. மெலிந்து போயிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை நின்றது. யாரோ தெரிந்தவர்களின் பிள்ளையாக்கும், வழித்துணையாகக் கூட்டி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபடி கேட்டேன்.

"தர்ஷினி எங்கை?"

ராணி என்னையே பார்த்தாள். "என்னப்பா கேக்கிறியள்? இதுதானே பிள்ளை."

ஐந்து வயதிலிருந்து பாலும் இறைச்சியுமாக வளர்ந்தவளை வைத்து, பங்கருக்குள்ளும் குப்பிவிளக்கிலும் வளர்ந்தவளை அளந்திருக்கிறேன். குனிந்து பிள்ளைக்குக் கோட்டைப் போட்டுவிட்டேன். கோட்டின் கைகள் அவளின் விரல் நுனியையும் தாண்டித் தொங்கின. கீழ்ப்பக்கம் சப்பாத்தை மூடியது. அவள் கைகளைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டாள்.

"இது வேற ஆருக்கோ வாங்கினதோ, அப்பா?"

இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மெஷின்கள் மாறிவிட்டன, அந்தக் குமிழ்களும் இல்லை. ஆனாலும் ஒன்றுக்கு வைத்த அளவில் இன்னொன்றைப் பார்க்காதீர்கள். அப்படிப் பார்த்து முகம் பச்சையாகத் தெரிந்தால், தப்பு அதன் மேல் இல்லை. கோபால் அண்ணை அதை எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்.

அந்த ஆறு வருடங்கள் எந்த டேப்பிலும் இல்லை. அவற்றுக்காக இன்றும் ஏங்குகிறேன். அந்தக் கோட் அவளுக்கு அளவாக வந்தபோது பன்னிரண்டு வயது. அதற்குள் அந்த நிறம் அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

ஹீத்ரோவிலிருந்து வந்த மறுநாள் ஒரு கிழமை லீவு எடுத்தேன். ஹீட்டருக்கு முன்னால் அவளை உட்கார வைத்து, தொடக்கத்திலிருந்து கேட்கத் தொடங்கினேன்.

"முதல்ல எந்தப் பல் விழுந்தது?"

"கீழ்ப் பல்லு." வாயைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டினாள். "உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாது" என்றேன். "சொல்லு."