திரையை ஏதோ மறைக்கிறது

இது நடந்தது. கதை கட்டும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் இந்நேரம் வேறு பிழைப்புப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குச் சொன்னவள் அந்த வீட்டு மருமகள். சொல்லும்போது ஒருமுறைகூட அவள் குரல் உயரவில்லை. டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமலே சொல்லி முடித்தாள். இன்னொன்று. பேய் என்றால் நடுராத்திரி, ஊளைச் சத்தம் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், தரைத்தள வீடு ஒன்றின் ஹாலில்.

மருமகள் கம்ப்யூட்டர் கேம் எழுதுகிறவள். அதிலும் பழைய கேம்களைத் தூசி தட்டிப் புதுசாக்குவது அவள் தொழில். ஒரு காலத்தில் விளையாட்டுக் கூடங்களில் பீரோ உயரத்துக்கு நின்றனவே, காசு போட்டால் ஆடவிடும் இயந்திரங்கள், அவற்றில் ஓடியதை இன்றைக்கு வீட்டு டிவியில் செருகும் கன்சோலில் ஓட வைப்பாள். கணவனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலில். வீட்டில் இவளும் மாமனாரும்தான்.

மாமனாரை எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனி மூடி முப்பது வருஷமாகியும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. அந்தக் கம்பெனி உருப்படியாகச் செய்தது ஒரே ஒரு சுடும் கேம். பெயர், ‘எட்டாவது மாடி’. அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று மருமகள் ஒற்றைக்காலில் நின்றாள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவளுக்கு டைபாய்டு வந்தபோது பெற்ற அப்பா போனில் விசாரித்ததோடு சரி. மாமனார் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் கண்ணை மூடுவதற்குள் அவர் செய்த கேமை நாலு பேர் கொண்டாடி அவர் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

கேம் இப்படி. உயரமான கட்டடத்தின் மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து முகமூடிக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் துப்பாக்கியால் சுட வேண்டும். கைப்பிடிச் சுவர் ஓரமாக, மஞ்சள் கவுன் போட்ட பெண் ஒருத்தி பிணைக்கைதியாக நிற்பாள். அவள்மேல் குண்டு படக் கூடாது. பட்டால் நமக்கு ஒரு உயிர் போகும். கூடவே திரை முழுக்க ஆறு படங்கள் ஓடும். அவள் பின்னால் சாய்ந்து, சுவரைத் தாண்டி, விழுகிற ஆறு படங்கள். ஓவியருக்குக் கொடுக்கக் காசில்லாத கம்பெனி. ஆபீஸ் ஆட்களுக்கே வேஷம் போட்டு, ஆபீஸ் மொட்டைமாடியிலேயே படம் பிடித்து கேமுக்குள் வைத்திருந்தார்கள். முகமூடிக்காரர்கள் கணக்கரும் வாட்ச்மேனும். மஞ்சள் கவுன், ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த பெண்.

“அவங்க இப்ப எங்க மாமா?”

“வெளிநாடு போயிட்டாம்மா. போனவ திரும்பிக்கூடப் பார்க்கலை.”

பழைய இயந்திரம் ஒன்றைக் கம்பெனியின் முன்னாள் மெக்கானிக் வேனில் கொண்டுவந்து இறக்கினார். கேம் பதிந்திருந்த சில்லுகளை அவர்தான் பத்திரமாகக் கழற்றிக் கொடுத்தார். அன்றைக்கு முதலாளி ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினார். முதல் குண்டை நேராகப் பிணைக்கைதிமேல் விட்டார். ஆறு படமும் ஓடின.

“என்ன மாமா, நம்ம ஆளையே போட்டுட்டீங்க?”

“கை பழகிடுச்சும்மா,” என்று சிரித்தார் அவர். எப்போது ஆடினாலும் அவருடைய முதல் குண்டு அவளுக்குத்தானாம். மெக்கானிக் சிரிக்கவில்லை. சில்லுகளை மேசையில் வைத்துவிட்டு, டீகூட வேண்டாம் என்று போய்விட்டார்.

வேலை நன்றாகவே போனது. தகராறு துப்பாக்கியில் வந்தது.

பழைய துப்பாக்கி புது டிவியில் வேலை செய்யாது. அதனால் இப்போதைய துப்பாக்கியின் மூக்கில் ஒரு குட்டி கேமரா இருக்கும். டிவித் திரையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு கட்டம் போட்டிருப்பார்கள். அதன் நாலு மூலையும் கேமராவுக்குத் தெரிந்தால்தான் நாம் எங்கே குறி வைக்கிறோம் என்று அது கணக்குப் போடும். நடுவில் யாராவது குறுக்கே போனால் ஆட்டம் நின்று, திரையில் ஒரு வரி வரும். அந்த வரியை எழுதியதே மருமகள்தான்.

‘திரையை ஏதோ மறைக்கிறது. விலகி நிற்கவும்.’

மாமனார் முதன்முதலாகப் புதுத் துப்பாக்கியைக் கையில் எடுத்த அன்றைக்கே அந்த வரி வந்தது. குறுக்கே யாரும் இல்லை.

துப்பாக்கியின் கேமரா பார்ப்பதைத் தன் லேப்டாப்பில் திறந்து பார்த்தாள். டிவி தெரிந்தது. வெள்ளைக் கட்டம் தெரிந்தது. கீழே இடது மூலையில் மட்டும் கறுப்பாக ஒரு துண்டு. லென்ஸைத் துடைத்தாள். டீப்பாயை நகர்த்தினாள். வெயில் கூசுகிறதோ என்று திரைச்சீலையை இழுத்து மூடினாள். அவள் பிடித்தால் ஒழுங்காக வேலை செய்தது. அவர் பிடித்தால் கறுப்பு.

“வயசான கை, நடுங்குது போல,” என்றார் மாமனார்.

நடுக்கத்துக்கு ஏது ஓரம்? அந்தக் கறுப்புக்கு ஓரம் இருந்தது.

மறுநாள் கீழ் மூலை இரண்டும் மறைந்தன. அதற்கு அடுத்த நாள் அவர் துப்பாக்கியைத் தூக்கியபோது வலது மேல் மூலை ஒன்றுதான் மிச்சம். கேமரா முன்னால் ஒரு பொருள் கிட்டே வர வர அது பெரிதாகிக்கொண்டே போகும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். “எனக்கும் தெரியும். தோணலை, அவ்வளவுதான்,” என்றாள் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ எடுப்பதாக ஏற்பாடு. பழைய முதலாளியே தன் கேமை ஆடிக் காட்டுவதுபோல ஒரு விளம்பரம். தள்ளிப் போட வழியில்லை. அவள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எச்சரிக்கை தொல்லை கொடுத்தால், என்ன கோளாறு என்று தேடாமல் எச்சரிக்கையையே தூக்கிவிடுவார்கள். அவளும் அதைத்தான் செய்தாள். மூலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆட்டத்தை நிறுத்தாதே என்று மாற்றி எழுதினாள்.

யாரோ வருகிறார்கள், விலகு என்று அத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த ஒரே வாயையும் அடைத்துவிட்டாள்.

ஞாயிறு மதியம். வெளியே மழை. ஜன்னல்கள் அடைத்துக் கிடந்தன. ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, தன் போனை ஸ்டாண்டில் நிறுத்தி, அவர் பக்கம் திருப்பி வீடியோவை ஓடவிட்டாள். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

“நீங்க ஆடிட்டே இருங்க மாமா. டீ போட்டுக் கொண்டாரேன்.”

“சர்க்கரை கொஞ்சம் தாராளமா போடும்மா. இன்னிக்கு மட்டும்.”

சமையலறைக்குப் போனாள். டப்... ஒரு சத்தம். வழக்கமான முதல் குண்டு. அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். டப். டப். பால் பொங்கி வந்தது. அடுப்பைக் குறைத்தாள்.

சத்தம் நின்றது.

“விலகு,” என்றார் மாமனார்.

போனில் யாரோடோ பேசுகிறார் என்று நினைத்தாள். பிறகுதான் அவர் போனைச் சார்ஜில் போட்டது ஞாபகம் வந்தது. அது அவள் பக்கத்திலேயே இருந்தது.

“விலகு... எனக்குத் திரை தெரியலை.”

காற்று. சமையலறை வாசல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்து அடுப்பை அணைத்தது. ஜன்னல் எல்லாம் அடைத்த வீட்டில், மொட்டைமாடியில் அடிப்பதுபோல முகத்தில் அறைகிற காற்று.

“மாமா?”



“நீயா...” என்றார் அவர். மெதுவாக. அவளிடம் இல்லை. “வேண்டாம்... கிட்ட வராதே. நான் படம் மட்டும்தான் எடுத்தேன்.”

டிவியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அந்த கேமில் பெண் குரலே கிடையாது. சில்லில் இருப்பது துப்பாக்கிச் சத்தமும் சைரனும் மட்டும்தான். வரி வரியாகப் படித்தவள் அவள். அவளுக்குத் தெரியாதா?

“இன்னும் எத்தனை தடவை?”

அழுகை இல்லை அந்தக் குரலில். கெஞ்சல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற ஆத்திரம்.

“எத்தனை பேர் காசு போட்டாங்க... ஒவ்வொரு தடவையும் எனக்கு வலிச்சது. இப்ப வீட்டுக்கு வீடு அனுப்பறியா?”

மருமகளுக்குக் கால் வரவில்லை. ஓட வேண்டும். அவரை இழுத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும். கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

டப்.

ஒரே ஒரு சத்தம்.

அப்புறம்... மேலேயிருந்து ஏதோ விழுந்தது. ரொம்ப உயரத்திலிருந்து மூட்டை விழுவது மாதிரி. தரை அதிர்ந்தது. மேடையில் இருந்த கோப்பைகள் கிணுகிணுத்தன.

காற்று நின்றது.

கால் வந்தது.

ஓடினாள்.

மாமனார் மல்லாந்து கிடந்தார்.

துப்பாக்கி கையிலேயே இருந்தது.

திரையில் மொட்டைமாடி. முகமூடிக்காரர்கள் இல்லை. கைப்பிடிச் சுவர் ஓரம்... காலி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, உயிர் இல்லை என்றார். கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“எத்தனையாவது மாடியிலேர்ந்து விழுந்தார்?”

“விழலை டாக்டர். ஹால்ல நின்னுட்டிருந்தார். தரைத்தளம்.”

டாக்டர் அவளை நம்பாமல் பார்த்தார். இடுப்பு எலும்பு, விலா, பின்மண்டை எல்லாம் நொறுங்கியிருக்கிறது, நின்ற இடத்தில் விழுந்தால் இப்படி ஆகாது என்றார். போலீஸ் வந்தது. மருமகளைக் குடைந்து எடுத்தார்கள். அந்த வீடியோ இல்லையென்றால் அவள் உள்ளேதான் போயிருப்பாள். வீடியோவில் அவர் தனியாக நிற்கிறார். துப்பாக்கியை நீட்டியிருக்கிறார். தலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கிறது, முன்னால் வந்து நிற்கிற யாரையோ பார்ப்பதுபோல. குரல் எதுவும் பதிவாகவில்லை. அடுத்த நொடி தரையில் கிடக்கிறார். நடுவில் விழுவது மட்டும் இல்லை. இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, போன் கோளாறு என்று எழுதிக்கொண்டார்.

கேம் வெளிவந்தது. மருமகள் அந்த ஆறு படங்களையும் அழித்துவிட்டுத்தான் கொடுத்தாள். பிணைக்கைதியைச் சுட்டால் திரை ஒரு மூச்சு நேரம் கறுப்பாகும்; ஆட்டம் தொடரும். ஏன் அழித்தாய் என்று கேட்டவர்களுக்கு அவள் காரணம் சொல்லவில்லை. அவளுக்கே அப்போது முழுசாகத் தெரியாது.

தெரிந்தது, மெக்கானிக் துக்கம் விசாரிக்க வந்த அன்றைக்கு. சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார்.  அந்த ஆறு படங்களையும் அழித்துவிட்டேன் என்று அவள் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த ஆறு படத்தை நாங்க எடுக்கவே இல்லைம்மா.”

“புரியலை.”

“மத்தது எல்லாம் நான் விளக்குப் பிடிச்சு எடுத்தது. விழற படத்துக்கு மட்டும் அந்தப் பொண்ணு ஒத்துக்கலை. மெத்தை போடறோம்னோம். முடியாதுன்னுட்டா. உயரம்னா அவளுக்கு உசிரே போயிடும். சனிக்கிழமை சாயங்காலம் அதுக்காக முதலாளி அவகிட்ட ஒரே சத்தம். நாங்க கிளம்பிட்டோம். அவங்க ரெண்டு பேரும் கேமராவும்தான் மேல.”

“அப்புறம்?”

“திங்கக்கிழமை வந்தா ஆறு படமும் மேசை மேல இருக்கு. அவ இல்லை. வெளிநாடு போயிட்டான்னாரு. படத்தைப் பார்த்துட்டு நாங்கள்லாம் கை தட்டினோம்மா. என்னமா நடிச்சிருக்கான்னு.”

 கஞ்சி வைத்துக் கொடுத்த அதே கை. அவ்வளவு உயரத்திலிருந்து ஒருத்தி விழுந்தால் கீழே யாருமா பார்த்திருக்க மாட்டார்கள் என்று கேட்டாள். இல்லை என்று ஆகிவிட வேண்டுமே என்றுதான் கேட்டாள்.

“கீழ அப்ப வெறும் குழிம்மா. பக்கத்துல புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிப் போட்டிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை காலையிலேயே கான்கிரீட் கொட்டிட்டாங்க. முதலாளிக்கும் அதுல ஒரு வீடு சொல்லி வெச்சிருந்தது. மாடி வேண்டாம், கீழ் வீடே போதும்னு அடம் பிடிச்சு வாங்கினாரு.”

“எந்தக் கட்டடம்?”

 மெக்கானிக் குனிந்து, ஹாலின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் கால் இரண்டையும் மெதுவாகச் சோபாவின்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.