பன்னிரண்டு மணிக்கு முன் ஒரு கவளம்

என் மகளின் கல்யாணம் ஒரு தம்ளர் காப்பியில் கவிழப் பார்த்தது. கவிழ்க்கப் பார்த்தவன் நான்தான். இன்று எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத நாள் இல்லை. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் என் வயிற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கப்பல் காத்திருக்கும், லாரி காத்திருக்கும், கஸ்டம்ஸ் கையெழுத்துக்காக ஊரே காத்திருக்கும். காத்திருக்கத் தெரியாதது என் வயிறு ஒன்றுதான். வீட்டில் ஆறு இட்லி, ஆபீஸ் வந்ததும் டீ, பத்து மணிக்கு வடை, அதற்குப் பிறகு யாராவது பிறந்தநாள் என்று நீட்டும் கேக். சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்தன. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை வாசல்ல வந்து நிக்கு. உள்ள கூப்பிடப் போறீங்களா, திருப்பி அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டார். இரவு எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு மறுநாள் பகல் பன்னிரண்டு வரை வாயைக் கட்டச் சொன்னார். தண்ணீர் குடிக்கலாம். பாலும் சீனியும் சேராத கடுங்காப்பி குடிக்கலாம். வேறு எதுவும் கூடாது.

என் மனைவி நம்பவில்லை. அதில் நியாயம் இருந்தது. நடைப்பயிற்சிக்கென்று நான் வாங்கிய ஷூவுக்குள் அவள் துணிக் கிளிப் போட்டு வைத்திருந்தாள். "மொத நாளு பத்து மணியத் தாண்டுதீயளான்னு பாப்போம்" என்றாள்.

முதல் நாள் பத்து மணிக்கு, கீழே டீக்கடையில் வடை எண்ணெயில் விழும் சத்தம் இரண்டாம் மாடி வரை கேட்டது. லாரி டிரைவர், உடன் வேலை பார்ப்பவர்கள், பிரிண்டர் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். டீக்கடை அண்ணாச்சிக்கு வேறு வருத்தம். "நம்ம கட வட புடிக்கலையோ?" என்று கேட்டு அனுப்பினார். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் எனக்குக் காவல்காரர் ஆகிவிட்டார். ஒரு நாள் பசி தாங்காமல் இறங்கிப் போய்க் கையை நீட்டினேன். "ஏலே, சாருக்குப் பன்னெண்டு மணிக்கு முன்னால ஒண்ணும் கொடுத்துராத" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வடைத் தட்டை உள்ளே தள்ளி வைத்தார். கையில் காசிருந்தும் வடை கிடைக்காத ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான்.

அப்படி இப்படி என்று சில வாரம் தள்ளிய பிறகுதான் ஒன்று புரிந்தது. பசி பத்து மணிக்கு வரும், கொஞ்ச நேரம் குதிக்கும், யாரும் கவனிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடும். இத்தனை வருடமும் அது தலையைக் காட்டியவுடன் இலை போட்டு உட்கார வைத்தது நான்தான். கோபமும் அதே போலத்தான் என்று பிறகு தெரிந்தது. போனில் ஒருத்தர் கத்தினால், திருப்பிக் கத்தாமல் கொஞ்சம் பொறுக்க முடிந்தது. ஐம்பது வயது வரை என் பேச்சை நானே கேட்டதில்லை. இப்போது கேட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே கிடையாது. காலையில் வெறும் வயிற்றோடு ஹார்பர் ரோட்டில் ஸ்கூட்டரில் பாடிக்கொண்டே போனேன்.

பாடியதோடு நிறுத்தியிருக்கலாம். பிரசங்கம் செய்ய ஆரம்பித்தேன். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்? கல்யாணப் பந்தியில் லட்டைக் கையில் எடுத்தவனிடம் இன்சுலின் பற்றிப் பேசினேன். சொந்தக்காரர்கள் என்னைக் கண்டால் அடுத்த சந்தில் திரும்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் ஒரே மகள், துறைமுகத்தில் கன்டெய்னர் கிரேன் பராமரிப்பில் இருக்கும் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். வேம்பாரில் வீடு. குறை சொல்ல எதுவுமே இல்லாததே எனக்குக் குறையாக இருந்தது. கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு நின்றேன். பிறகு பையனை நேரில் பார்த்துப் பேசினேன், கரைந்துபோனேன். "வாற ஞாயித்துக்கெழம அவங்க வீட்டுக்குப் போயிட்டு வாரோம்மா" என்று சொன்னபோது மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. ஆனால் நான் முறுக்கிக்கொண்ட கதை வேம்பாருக்கும் போயிருந்தது. அங்கே எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

முறைப்படி மகள் எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டாள். நானும் மனைவியும் போனோம். கார் ஓட்டியது அவள் தம்பி. வழியில் மனைவி எச்சரித்தாள்: "அங்கன போயி உங்க பட்டினிப் புராணத்த ஆரம்பிச்சிராதீய. நல்ல காரியத்துக்குப் போறோம். சிரிச்ச மொகமா இருந்தாப் போதும்."

சரி என்று தலையாட்டினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் அல்லவா நான் இப்போது!

பத்து மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். சின்ன வீடு, கடல் காற்று, நல்ல மனிதர்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி, சம்பந்தம் முடிவாகும் வரை அடுத்த வீட்டில் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கு முன்னால் இனிப்பும் காப்பியும் மட்டும்தான். பையனின் அம்மா நெய் மணக்கக் கேசரி கிண்டிக் கொண்டுவந்தார். மச்சினன் இரண்டு கரண்டி வாங்கினான். நான் வேண்டாம் என்று கும்பிட்டேன்.

"அப்ப காப்பியாவது குடிங்க அண்ணாச்சி."

"பால் இல்லாம, கடுங்காப்பி இருந்தாக் கொடுங்க."

மனைவி என் தொடையில் கிள்ளினாள். சீனியை மறந்துவிட்டேன் என்று நினைவுபடுத்துகிறாள் போல என்று நினைத்து, "சீனியும் போட வேண்டாம்" என்றேன்.

வீடு அமைதியாகிவிட்டது. என் மேல் உள்ள மரியாதையால் என்று எடுத்துக்கொண்டேன். காப்பி வந்தது. நிம்மதியாகக் குடித்தேன். பையனின் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு நாலு வார்த்தைக்கு மேல் ஓடவில்லை. கிளம்பிவிட்டோம்.

கார் தூத்துக்குடிப் பக்கம் திரும்பியது. இரண்டு பக்கமும் உப்பளம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. கடைசியில் மச்சினன்தான் வாயைத் திறந்தான்: "அத்தான், துட்டி வீட்டுலதான பாலும் சீனியும் இல்லாத காப்பி கொடுப்பாவ? சம்பந்தம் பேசப் போன எடத்துல அதப் போயிக் கேட்டியளே!"

எத்தனை சாவு வீட்டு வாசலில் அந்தக் காப்பியைக் குடித்திருக்கிறேன்! ஆறேழு மாதமாகத் தினமும் குடித்ததில் எல்லாம் மறந்துபோயிருந்தது. பட்டினி இருப்பதை அங்கே சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம், அதற்கும் புராணம் பேசாதே என்று உத்தரவு.

அதற்குள் மகள் போன் செய்தாள். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். "அவங்க வீட்டுல எல்லாரும் ஒடஞ்சு போயிருக்காங்களாம். அப்பாவுக்கு இஷ்டமில்லையாமே?" மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பரவாயில்லம்மா. அப்பாவுக்குப் புடிக்கலைன்னா எனக்கும் வேண்டாம். அப்பாட்ட சண்ட போடாத." போனை வைத்துவிட்டாள்.

பத்து மணி வடையை விட்டதற்கு ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன் நான். அவள் எனக்காகத் தன் ஆசையையே ஓசையில்லாமல் விடப் பார்க்கிறாள். என் கண் நிறைந்துவிட்டது. "வண்டியத் திருப்புலே" என்றேன். வைப்பாற்றுப் பாலம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் மச்சினன் வண்டியைத் திருப்பினான்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்: "சோறு இருக்கா? கை நனைக்க வந்திருக்கேன்."

பையனின் அம்மா அப்படியே நின்றுவிட்டார். "ஐயோ, விருந்துக்கு ஒண்ணும் செய்யலையே அண்ணாச்சி. எங்களுக்குன்னு வச்ச மீன்கொழம்புதான் இருக்கு. சோறு இப்பத்தான் வடிச்சேன்."

"அது போதும்."

என் மனைவி உட்கார்ந்து, பட்டினிப் புராணம் முழுவதையும் அவளே சொன்னாள். "இவிய பன்னெண்டு மணி வரைக்கும் பச்சத்தண்ணியும் கடுங்காப்பியுந்தான் மதினி. வேற ஒண்ணும் தொட மாட்டாவ." பையனின் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்துவிட்டு, "அப்ப எதுக்கு அவசரம்? இன்னும் முக்கா மணிநேரந்தான இருக்கு. பேசிக்கிட்டு இருப்போம், மணி ஆனதும் சாப்பிடுவோம்" என்றார்.

எனக்கும் அது வசதிதான். விரதமும் உடையாது, சம்மதமும் சொன்னதாகிவிடும். ஆனால் அங்கே என் பிள்ளை முக்கால் மணிநேரம் அழ வேண்டுமா?

"போடுங்க" என்றேன்.

ஆவி பறக்கிற சோறு, புளி தூக்கலாக விளமீன் குழம்பு. முதல் கவளம் தொண்டையில் இறங்கியபோது, இத்தனை மாதக் கட்டுப்பாடும் உடைந்துவிட்டதே என்று ஒரு சொட்டு வருத்தம்கூட வரவில்லை. அவ்வளவு ருசி. "மீனு நல்லாருக்கா சம்பந்தி?" என்று பையனின் அம்மா கேட்டார். அதுவரை அவருக்கு அண்ணாச்சியாக இருந்த நான் சம்பந்தியாகிவிட்டேன் என்பது எனக்கு அடுத்த கவளத்தில்தான் உறைத்தது.

மனைவி மகளை வீடியோவில் கூப்பிட்டுப் போனை என் பக்கம் திருப்பினாள். அழுது சிவந்த முகம். என் கையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், பிறகு மணியைப் பார்த்திருக்க வேண்டும்.

"அப்பா, மணி பதினொண்ணேகால்தான ஆகுது?"

"ஆமா."

"என்னப்பா சாப்பிடுதீங்க?"

"மாப்பிள்ளை வீட்டுச் சோறு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். போன் கை நழுவி விழுந்தது போல, எங்கள் வீட்டு மின்விசிறி மட்டும் திரையில் சுற்றியது. அவள் அழுவதும் சிரிப்பதும் மாறி மாறிக் கேட்டது. நான் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.