வேலை சாராதது

அந்த அக்கா தன் வலது கட்டைவிரலை மடக்கிக் காட்டிய காலைப்பொழுது எனக்கு இன்னும் மறக்கவில்லை. மறந்து தொலைத்தால் நன்றாக இருக்குமே என்று பல தடவை நினைத்ததுண்டு. திருமழிசையில், ரப்பர் பாகங்கள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கக் கூடத்தில், நீள மேசையின் ஓரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். மடக்கிய விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. இடது கையால் அதைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினார். நிமிரும்போது சொடக்குப் போட்டதுபோல் ஒரு சத்தம் வந்தது. "இப்டிதான் சார் மாட்டிகினு நிக்குது. காலைல எந்திரிச்சா ரொம்ப படுத்துது. வாயுதான், வேற இன்னா," என்றார். நான் கையில் வைத்திருந்த படிவத்தில் 'வாயு' என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

நான் அங்கே பர்சனல் ஆபீசர். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து திருவேற்காட்டில் ஒரு ஃபிளாட்டில் குடியேறியவன். தமிழ் நன்றாக எழுதுவேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கேன்டீன் விடுமுறையானாலும் சரி, குடிநீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பானாலும் சரி, கணினியில் அடிக்காமல் என் கையாலேயே எழுதி ஒட்டுவேன். அந்தப் பெருமைதான் என்னை அந்தக் குழுவின் எழுத்து வேலைக்கு இழுத்துக்கொண்டு போனது. நானாகத்தான் போனேன் என்று சொல்வதுதான் சரி.

குழு என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரப்பரை அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ் பிரிவில் சூடான அச்சுத் தட்டுகளைக் குனிந்து இழுத்து இழுத்து ஆட்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு லீவு போட ஆரம்பித்திருந்த சமயம் அது. தொழிற்சாலை ஆய்வாளராக வந்த மேடம் வழக்கமான ஆள் இல்லை. "நோட்டீஸ் கொடுத்தா நீங்க வக்கீலைப் பிடிப்பீங்க. கேஸ் நடக்குற வரைக்கும் இவங்க குனிஞ்சுக்கிட்டேதான் இருப்பாங்க," என்றார். அதற்குப் பதிலாக நிர்வாகம், தொழிற்சங்கம், அவருடைய அலுவலகம் மூன்றும் ஒன்றாக உட்கார்ந்து, ஒவ்வொரு வேலை இடமாகப் போய், யாருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டு எழுதி, ஆறு மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று ஏற்பாடு. அதுவரை வழக்கு கிடையாது. எங்கள் மேலாளர் ஒத்துக்கொண்டார். சங்கச் செயலாளருக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. முதல் கூட்டத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எழுந்துபோகத் தயாராகவே இருந்தார். மூன்றாவது கூட்டத்தில் மேலாளரின் தட்டிலிருந்தே ஒரு வடையை எடுத்துத் தின்றார். அந்த அளவுக்கு நெருங்கிவிட்டார்கள்.

படிவத்தை நான்தான் தயாரித்தேன். ஒரு மனித உருவத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்து, வலிக்கும் இடத்தில் புள்ளி வைக்கச் சொன்னேன். அதன் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று 'வேலையால் வந்தது'. மற்றது 'வேலை சாராதது'. முதல் நாளே சிக்கல் வந்தது. பிரஸ் ஆட்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வலி இல்லை, வாயுப் பிடிப்பு என்றே சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா ரெண்டு குடம் தண்ணீர் தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வாயு என்பாள், பூண்டைச் சுட்டுத் தின்பாள். செயலாளர் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "சார், நம்மாளு வாயுன்னா அத்தோட பேச்சு முடிஞ்சிச்சின்னு நெனச்சிக்காதீங்க. அங்கதான் ஆரம்பிக்குது. எந்தப் பக்கம் புடிச்சிகினு கீது, எத்த தூக்கசொல்ல புடிச்சிது, இத்த கேளுங்க," என்றார். அவரே கேட்டும் காட்டினார். கேட்டால், எல்லா வாயுவும் தட்டை இழுக்கும்போது இடுப்பின் இடப்பக்கத்தில்தான் வந்து பிடித்திருந்தது. மேடம் சிரித்துவிட்டார். அப்படிச் சொன்ன எல்லோரையும் முதல் கட்டத்திலேயே எழுதினோம். ஆக, வாயு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாது.

பின்பக்கக் கூடம் மட்டும் என் பொறுப்புக்கு வந்தது. அங்கே பதினோரு பெண்கள். அச்சிலிருந்து வரும் ரப்பர் வளையங்களின் ஓரத்துப் பிசிறைச் சின்னக் கத்தரியால் வெட்டுவது அவர்கள் வேலை. ஒரு வளையத்துக்கு ஏழெட்டு வெட்டு. காலையிலிருந்து சாயங்காலம் வரை வளையங்கள் கூடை கூடையாக வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்பதால் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. செயலாளர் அந்தப் பக்கம் வரவில்லை. அந்த அக்காதான் அவர்களுக்கு மூத்தவர். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன், அங்கிருந்து பஸ் என்று வருவார். காலையில் அதே வேனில் சில நாள் நானும் ஏறுவேன். கூட்டத்தில் எனக்காகத் தன் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இடம் விடுவார். மாதா கோயில் ஞாயிறு பூசைக்கு ஒரு வாரமும் தவறாதவர் என்றும், அந்தப் பெண்கள் சண்டை போட்டால் அவரிடம்தான் பஞ்சாயத்துக்கு வருவார்கள் என்றும் தெரியும்.

பதினோரு பேரும் வாயு என்றார்கள். விரலில் வாயு, மணிக்கட்டில் வாயு, தோளில் வாயு. ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வேலை செய்வதால் வலிக்கிறது என்று சொன்னால், திங்கட்கிழமை ஒப்பந்ததாரர் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அக்கா ஒருவர்தான் விரலையும் மடக்கிக் காட்டினார். வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லிப் பார்த்தார் என்று இப்போது புரிகிறது. எந்தப் பக்கம், எதைச் செய்யும்போது என்று நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மேலாளர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, யாரும் நெருக்கவில்லை. பட்டியல் முடிந்திருந்தது, அடுத்த நாள் மேடம் வருகிறார், எந்தெந்த வேலை இடத்தைச் சரிசெய்வது என்று ஏற்கனவே முடிவாகியிருந்தது. புதிதாகப் பதினோரு பேரைச் சேர்த்தால் எல்லாம் குழம்பும். அவர்களே வாயு என்றுதானே சொல்கிறார்கள் என்று மனசுக்குள் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, பதினொன்றையும் 'வேலை சாராதது' கட்டத்தில் எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். அக்கா அந்த விரலாலேயே பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஏற்பாடு அமோகமாக நடந்தது. தட்டுகளை இழுக்காமல் உருட்டித் தள்ளும்படி உருளைகள் வைத்த மேசைகள் வந்தன. பிரஸ் ஆட்களின் லீவு குறைந்தது. செயலாளரும் மேலாளரும் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் நடுவில் நின்றேன்.

சில மாதம் கழித்து அக்காவின் விரல் இடது கையால் பிடித்தாலும் நிமிராத நிலைக்கு வந்தது. இ.எஸ்.ஐ. டாக்டர் பார்த்துவிட்டு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததால் வந்த பாதிப்பு, கத்தரி பிடிக்காத வேலை கொடுக்க வேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அக்கா பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அதே கூடத்தில் உட்கார்ந்து வளையங்களைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கும் செக்கிங் வேலைக்கு மாற்றினால் போதும் என்றார். ஒப்பந்ததாரர் எங்கள் குழுவின் படிவத்தைத்தான் எடுத்து நீட்டினார். மூன்று தரப்பும் கையெழுத்திட்ட காகிதத்திலேயே வேலை சாராதது என்று இருக்கிறதே, குணமான பிறகு வரட்டும் என்றார். பெண்கள் செயலாளரிடம் போய் அழுதிருக்கிறார்கள். தங்கள் உறுப்பினர் இல்லை என்று அவர் ஒதுங்கவில்லை, விஷயத்தைக் குழுவுக்குக் கொண்டுவந்தார்.

மேடம் படிவத்தை மேசையில் விரித்து வைத்தார். அக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. "இதை யார் எழுதினது?" என்று மேடம் கேட்டார். அந்தக் கையெழுத்து யாருடையது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். "அவங்க சொன்னதைத்தான் மேடம் எழுதியிருக்கோம்," என்றேன். எழுதினேன் என்றுகூடச் சொல்லவில்லை, எழுதியிருக்கோம் என்றேன். "விரலைப் பாத்தீங்களா? எப்போ வலிக்குதுன்னு கேட்டீங்களா?" என்று அடுத்துக் கேட்டார். பார்த்தேன், கேட்கவில்லை. இரண்டே இரண்டு வார்த்தை. அதைச் சொல்ல வாயில் கொழுக்கட்டை அடைத்ததுபோல் நின்றேன். பிறகு அக்கா பேசினார். "சார் கேட்டாரு மேடம். நான்தான் வேலயால இல்ல, வாயுன்னு சொன்னேன். வெரலயெல்லாம் காட்டல."

மேடம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பாதிக்கப்பட்டவரே அப்படிச் சொன்ன பிறகு, டாக்டர் கடிதம் இருந்தும் மேடத்தால் எதையும் மாற்றி எழுத முடியவில்லை. அக்கா அந்த வாரத்துக்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. எனக்கு வந்த முதல் உணர்ச்சி என்ன தெரியுமா, நிம்மதி. அதைச் சொல்லத்தான் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அப்புறம்தான் வெட்கம் வந்தது. வந்தும் என்ன பயன், என் மேல் மரியாதை வைத்து அக்கா காப்பாற்றிவிட்டார் என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் வைத்துக்கொண்டேன்.

மேடம் விடவில்லை. பின்பக்கக் கூடத்தை மறுபடியும் கணக்கெடுக்க வேண்டும், உண்மையைச் சொன்னதற்காக ஒருத்தரையும் நிறுத்தக் கூடாது என்று ஒப்பந்ததாரரிடம் எழுதி வாங்கினார். இந்த முறை செயலாளர் நேரில் போய் உட்கார்ந்து கேட்டார். பத்துப் பெண்களும் கொட்டித் தீர்த்தார்கள். அச்சின் விளிம்பைச் சரிசெய்தால் பிசிறே மெலிசாக வரும், கத்தரி இல்லாமல் கையாலேயே கிள்ளி எடுத்துவிடலாம் என்று ஒரு பிரஸ் ஆள் யோசனை சொன்னார். மேலாளர் அச்சுகளை மாற்றினார். கிள்ளும் வேலையும் செக்கிங் வேலையும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கை மாறின. அக்கா கேட்ட அதே செக்கிங் வேலைதான். படிவத்தில் 'வாயு, பிடிப்பு என்று சொன்னால் வலியாகவே கொள்க' என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியை எழுதியதும் நான்தான்.

கூத்து என்னவென்றால், அந்த ஒரு வரியால் எனக்குப் பேர் வந்துவிட்டது. அம்பத்தூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பயிற்சி வகுப்பு என்றால் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். நம்முடைய தொழிலாளர்கள் வலியை வாயு என்பார்கள், அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நானும் நீட்டி முழக்குகிறேன். எங்கள் இடத்தில் ஆரம்பத்தில் கணக்கெடுப்பில் ஒரு சிறு தவறு நேர்ந்தது என்பேன். நேர்ந்ததாம், தானாக. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு இறங்குவேன்.

போன மாதம் அப்படி ஒரு வகுப்பு முடித்துவிட்டு, தொழிற்சாலையிலும் தலைகாட்டிவிட்டு வரும் வழியில், பூந்தமல்லியில் திருவேற்காடு வேனுக்காக நின்றேன். அக்கா நின்றிருந்தார். ஒரு பள்ளிக்கூட வேனில் ஆயாவாக இருக்கிறாராம். பிள்ளைகளை இடது கையால்தான் தூக்கி ஏற்றுகிறாராம். விரலுக்கு ஆபரேஷன் ஆயிற்று, நிமிர்ந்துவிட்டது, ஆனால் பிடிமானம் இல்லை என்றார். பின்பக்கக் கூடத்துப் பெண்கள் எல்லாம் நன்றாக இருக்கிறார்களா என்று ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லி விசாரித்தார். கத்தரியே இல்லாமல் ஆகிவிட்டது என்றேன். "நல்லா இருக்கட்டும் சார்," என்றார். மனசாரச் சொன்னார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அக்கா, அன்னிக்கு மேடம் கேட்டப்ப நான் வாயைத் திறந்திருக்கணும். எழுதினது நான். விரலைப் பாத்ததும் நான்," என்றேன்.

"தொறப்பீங்கன்னுதான் சார் பாத்துகினே இருந்தேன்," என்றார். "அந்தம்மா கேட்டாங்க இல்ல, அப்போ. நீங்க தலைய குனிஞ்சிகினு பேனா மூடிய போடுறதும் எடுக்கறதுமா இருந்தீங்க. சரி, இவரு பேச மாட்டாருன்னு தெரிஞ்சி போச்சி. நானும் சும்மா நின்னா, எல்லாரும் பொய்யா கையெழுத்து போட்டோம்னு உள்ள கீற பொண்ணுங்களுக்கும் சேத்து கெட்ட பேராவும்னு நானே ஒரு பொய்ய சொல்லிட்டேன். ரெண்டு வாரம் நன்மை வாங்கல சார்."

நன்மை என்றால் பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பம். பொய் சொன்ன வாயால் அதை வாங்கக் கூடாது என்று, எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது அவர் மட்டும் இடத்திலேயே மண்டியிட்டிருந்திருக்கிறார். கோயிலில் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. நான் அந்த ரெண்டு ஞாயிறும் வீட்டில் தின்றுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

வேன் வந்தது. அக்கா இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். உள்ளே நகர்ந்து உட்கார்ந்து, "ஏறுங்க சார், எடம் கீது," என்றார். நானும் திருவேற்காட்டுக்குத்தான் போக வேண்டும். அடுத்த வண்டியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.