பனிமலைப் படமும் மாட்டுங்காக்காரர்களும்

படம் முடிந்து விளக்குப் போட்டதும் முதல் வரிசை மாமா திரும்பி என்னைப் பார்த்துச் சொன்ன முதல் விமரிசனம், "ஏசி நன்னா இருந்தது."

நான் மூன்று மாதம் உட்கார்ந்து ஆயிரத்து நூறு வரிகளைத் தமிழில் எழுதி அந்தப் படத்தின் அடியில் ஓட்டியிருந்தேன். அதற்குப் பம்பாய் மாட்டுங்கா கொடுத்த சன்மானம் இது.

கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு கூடம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அங்கே நான் உலகப் படம் காட்டுகிறேன். நான் காட்டுகிறேன் என்றால் வேறு யாரும் முன்வரவில்லை என்று பொருள். வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் விருந்தாளி வந்திருப்பார்கள், மீதிப் பேர் வீட்டில் ஏசி ரிப்பேராகியிருக்கும். படத்துக்கு நடுவில் பஜ்ஜி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். உலக சினிமாவை இவர்களுக்குக் காட்டுவது என் தலையெழுத்து என்று பல வருஷங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் படம் ஐரோப்பாவில் எங்கோ எடுத்தது. பனிமலை உச்சியில் ஒரு வானிலை நிலையம். அங்கே ஒரு மனிதன். அவனோடு பேசிப் பேசித் தானாக யோசிக்கக் கற்றுக்கொண்ட ஓர் இயந்திரம். பார்வைக்கு நம் வீட்டுக் கோத்ரெஜ் பீரோவில் பாதி இருக்கும். நிலையத்தை மூடப்போகிறார்கள், இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வா என்று அவனுக்கு உத்தரவு வருகிறது. அவன் தினமும் அதனிடம் கேட்கிறான், நிறுத்தட்டுமா என்று. அது, இல்லை, இன்றைய குறிப்பு இன்னும் முடியவில்லை என்கிறது. இப்படியே இரண்டே கால் மணி நேரம். கடைசியில் ஒருநாள் அதுவே, முடிந்துவிட்டது, இனி செய்யலாம் என்கிறது. சுவிட்ச் அதன் முதுகுப் பக்கம் இருக்கிறது. அவன் இரண்டு கையையும் சுற்றிப் போட்டு எட்டித்தான் அதைத் தொட வேண்டும். அந்தக் காட்சி மட்டும் நாலு நிமிஷம், பேச்சே கிடையாது. அதை மட்டும் நான் பதினோரு தடவை பார்த்தேன்.

ஆங்கில வரிகளோடு அப்படியே காட்டியிருக்கலாம். காட்டாததற்குக் காரணம் என் மகள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. புறநகர் ஐரோலியில் வேலை. இந்த மாதிரி இயந்திரங்கள் சொல்லும் பதில்களைப் படித்து, இது சரி, இது தப்பு, இப்படிச் சொல்லு என்று நாள் முழுதும் திருத்திக் கொடுக்கிற வேலை. அங்கேயே இரண்டு தோழிகளோடு வீடெடுத்துத் தங்கியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வந்து போவாள். அம்மாவிடம் பம்பாய்க் கதம்பத் தமிழில் மணிக்கணக்காகப் பேசுவாள். என்னிடம் ஆங்கிலம், அதுவும் மூன்று வார்த்தைக்கு மேல் போகாது.

அதற்கும் நான்தான் காரணம். எங்கள் வீட்டில் "பந்த்" என்ற இந்திச் சொல்லுக்குத் தடை. பம்பாய்த் தமிழனுக்கு லைட்டும் பந்த், ஃபேனும் பந்த், கடையும் பந்த், மூளையும் பந்த். என் மகள் மட்டும் அப்படிப் பேசக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தேன். ஐந்து வயதில் அவள் ஓடி வந்து, "அப்பா, ஃபேன் பந்த் பண்ணவா?" என்று கேட்டால் காது கேளாதவன் மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். "நிறுத்தவா" என்று சொன்னால்தான் நிமிர்வேன். கோடை லீவில் உட்கார்த்தி வைத்து எழுத்துக் கற்றுக்கொடுத்தேன், ஒவ்வொரு தப்புக்கும் ஒரு பெருமூச்சு விட்டேன். பத்து வயதில் அவள் என்னிடம் தமிழில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அந்த நிறுத்தம் மட்டும் சுத்தத் தமிழில் நடந்தது.

இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஓர் ஆசை வந்தது. அவளுடைய வேலை, என்னுடைய மொழி, இரண்டும் ஒரே படத்தில். பார்த்துவிட்டு அவள் என்னிடம் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பதினாறு வருஷம் காத்திருந்தவனுக்கு அது பெரிய பேராசை இல்லை.

அதனால் அவன் தினமும் கேட்கிற அந்தக் கேள்வியை எழுத மட்டும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். "உன்னை நிறுத்தட்டுமா" என்றால் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி இருந்தது. "ஆஃப் செய்யட்டுமா" எழுத என் பேனா ஒத்துழைக்கவில்லை. கடைசியில் "உன்னை அணைக்கட்டுமா?" என்று எழுதினேன். விளக்கை அணைப்பது போல ஓர் உயிரை அணைப்பது. எழுதிவிட்டு எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன், அவ்வளவு பெருமை. படத்தில் அந்தக் கேள்வி எட்டு தடவை வருகிறது.

அன்றைக்குக் கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். மகளுடைய மடிக்கணினியில்தான் படம் ஓடியது, அதனால் அவள் பின்வரிசையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள், பனி பெய்ய ஆரம்பித்ததும் தூங்கிப் போனாள். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், சங்கத்துக்குப் புதிதாக வந்தவர், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

முதல் தடவை "உன்னை அணைக்கட்டுமா?" வந்தபோது நடு வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டாவது தடவை நாலைந்து பேர். மூன்றாவது தடவை ஒரு மாமி தன் பேரனின் தலையைத் திருப்பித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவைப் பற்றிய கேள்விக்குச் சிரிக்கிற ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒருவர் எழுந்து போய்க் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுவிட்டு வந்து பக்கத்திலிருந்தவரிடம், "ஏதாவது நடந்துதா?" என்றார். "ஒண்ணும் நடக்கலை, பனி பேஞ்சிண்டிருக்கு" என்று பதில் வந்தது. அவர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

படம் முடிந்ததும் வழக்கம்போல மைக்கைச் சுற்றுக்கு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

வங்கியில் ஓய்வு பெற்றவர் ஒருவர் இதை இரட்டை வேகத்தில் ஓட்டியிருந்தால் ஒரு மணியில் முடிந்திருக்கும், காட்கோபர் போய் ஒரு கல்யாண ரிசப்ஷனையும் பார்த்திருக்கலாம் என்றார். இன்னொருவர் இந்தச் செயற்கை அறிவெல்லாம் நம் முன்னோர்களிடம் எப்போதோ இருந்தது என்று ஆரம்பித்து எட்டு நிமிஷம் பேசினார், படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேரனின் தலையைத் திருப்பிய மாமி மைக்கை வாங்கி, "கொழந்தைகள்லாம் உக்காந்திருக்கச்சே இந்த மாதிரிப் படம் போடலாமோ? அந்த மனுஷன் வாயத் தொறந்தா இதே பேச்சா இருக்கே" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பனியும் பீரோவும் தவிர வேறொன்றும் இல்லாத படத்தில் குழந்தைகளைக் கெடுக்க என்ன இருக்கிறது? மாமிக்கு வேறு ஏதோ சீரியல் ஞாபகம் என்று முடிவு செய்து சிரித்தபடி மைக்கை வாங்கிக்கொண்டேன். என் முகத்தில் அப்போது எப்படிப்பட்ட சிரிப்பு இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆபீசில் முப்பது வருஷம் ஜூனியர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது.

அப்போது பின்வரிசையில் கை உயர்ந்தது. என் மகளின் கை.

மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் எழுந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி தமிழில் பேசினாள்.

"எனக்கு ரொம்ப பிடிச்சுது. எல்லாரும் ஸ்லோ ஸ்லோன்னு கம்ப்ளெயின்ட் பண்றேள். எனக்குத் தமிழ் ஒவ்வொரு எழுத்தாத்தான் படிக்க வரும். ஸ்லோவா இருந்ததாலதான் எல்லா லைனும் படிச்சேன். அந்த ஆள் டெய்லி அதுகிட்ட கேக்கறான், உன்னை ஹக் பண்ணட்டுமான்னு. அது வேலை முடியலைங்கறது. அவன் ஜபர்தஸ்தி பண்ணலை, கோச்சுக்கலை, வெயிட் பண்றான். லாஸ்ட்ல அதுவே சரிங்கறது. அப்புறம்தான் கட்டிக்கறான். ஆபீஸ்ல நானும் நாள் பூரா மிஷின்கிட்டதான் பேசறேன். ஒருத்தர் இவ்வளவு நாள் வெயிட் பண்ணிக் கேக்கறது எனக்கு…"

நான் குறுக்கிட்டேன். பதினாறு வருஷம் ஏங்கிய பேச்சை நானே பாதியில் வெட்டினேன்.

"ஹக்கா? என்ன உளர்றே?" என்றேன். எனக்கு மைக் தேவைப்படவில்லை. "அணைக்கறதுன்னா இங்கே ஆஃப் பண்றது. விளக்கை அணைக்கறோமே, அது. நாலாங்கிளாஸ் தமிழ். இதுகூடத் தெரியாம மைக்கைப் பிடிச்சுண்டு நிக்கப்படாது."

கூடம் சிரிக்கும் என்று எதிர்பார்த்தேன். வேண்டும் என்றுகூட நினைத்திருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மகள் மைக்கை நாற்காலி மேல் வைத்துவிட்டு உட்கார்ந்து கணினித் திரையைப் பார்த்தாள்.

முதல் வரிசை மாமாதான் வாய் திறந்தார். "ஓய், அப்போ அவன் கட்டிக்கட்டுமான்னு கேக்கலியா? நானும் அப்படித்தானே நெனச்சிண்டிருந்தேன்?"

"நானும்" என்றாள் பேரனை வைத்திருந்த மாமி. "நாங்களும்" என்று நடு வரிசையிலிருந்து குரல்கள் வந்தன. வங்கிக்காரர் கையையே தூக்கிவிட்டார். ஒரு மனிதன் பனிமலையில் ஒரு பீரோவைக் கட்டிக்கொள்ளட்டுமா, கட்டிக்கொள்ளட்டுமா என்று எட்டு தடவை கெஞ்சுவதாக அறுபது பேரும் இரண்டே கால் மணி நேரம் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் அதற்காகவே கடைசிவரை எழுந்து போகாமல் இருந்திருக்கிறார்கள்.

தாராவிப் பட்டறைக்காரர் எழுந்தார். அவருக்கு என் மேல் கோபமில்லை, பரிதாபம் மாதிரி ஏதோ இருந்தது. "சார், எங்க ஊர்ல லைட்ட அமத்துன்னு சொல்லுவோம். இங்க வந்தப்புறம் பந்துன்னு ஆயிட்டு. அணைக்கதுன்னா சினிமாப் பாட்டுல வருமே, அதுதான நமக்குத் தெரியும்? நீங்க வீட்ல லைட்ட என்னன்னு சொல்லுவிய?"

என் வீட்டில் நான் ஒருநாளும் "அணை" என்று சொன்னதில்லை. புத்தகத்தில் பார்த்த சொல் அது, எழுதும்போது எடுத்து மாட்டிக்கொள்கிற சொல். நான் ஒருபோதும் வாயால் சொல்லாத ஒரு சொல் தெரியவில்லை என்று என் மகளை அறுபது பேர் முன்னால் உட்காரச் சொல்லியிருக்கிறேன். இத்தனை நேரம் இந்த ஜனங்களை முட்டாள்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன், கூடத்தில் அந்தப் பட்டத்துக்குத் தகுதியானவன் ஒருவன்தான் இருந்தான்.

எல்லோரும் காப்பிக்குப் பின்பக்கம் போனார்கள். என் மனைவியை யாரோ எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். மகள் ஒயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலிகளை மடக்குகிற பாவனையில் அவள் பக்கமாகப் போனேன். கணினியில் படத்தின் கடைசிக் காட்சி நின்றுபோயிருந்தது. அவன் இரண்டு கைகளையும் அந்தப் பெட்டியைச் சுற்றிப் போட்டிருக்கிறான். சுவிட்சைத் தொடுவதற்கு அவ்வளவு போதும். ஆனால் அவன் கன்னத்தையும் அதன் மேல் வைத்திருக்கிறான், கண்ணை மூடியிருக்கிறான். பதினோரு தடவையும் நான் அந்தச் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற என் பெண்ணுக்கு முதல் தடவையிலேயே தெரிந்திருக்கிறது.

"நீ சொன்னதுதான் சரி" என்று சொல்ல வேண்டும். வாய் வரை வந்தது. வழக்கமில்லாத வாய், அங்கேயே நின்றுவிட்டது.

அவள் கணினியை மூடிப் பையில் போட்டாள். காவல்காரர் கதவருகே சாவியைக் குலுக்கினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். அவள் சுவிட்ச் பலகை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மேலே ஒரு விளக்கு மட்டும் மிச்சம். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுகிறவள் மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"அப்பா, அணைக்கட்டுமா?"

கேலியா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. தப்பில்லாமல் சொல்லியிருக்கிறோமா என்று பார்க்கிற அந்த ஐந்து வயது முகம்தான் இருந்தது. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"பந்த் பண்ணும்மா" என்றேன்.