வெங்காயத்தோல் நிறச் சதுரம்

ரவிக்கை வெட்டும்போது கைக்குழியிலிருந்து பிறை மாதிரி ஒரு துண்டு விழும். கழுத்திலிருந்து அரைவட்டமாக ஒன்று, பக்கவாட்டில் நீளமாக ஒன்று. பாளையம்பட்டியில் என் வீட்டு முன்னறையில் மெஷின் போட்ட நாளிலிருந்து அவற்றில் ஒன்றைக்கூட நான் குப்பையில் போட்டதில்லை. "மிச்சத் துணியெல்லாம் எங்க?" என்று சந்தேகமாகக் கேட்கிறவர்களுக்கு, அவர்கள் துண்டுகளை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்து, "வச்சு அழகு பாருங்க" என்று அனுப்பிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் பேச வேண்டிய ஒரே ஒரு நாளில் பேசவில்லை.

சாக்கு நிறைந்ததும் துண்டுகளை உள்ளங்கை அளவுச் சதுரங்களாக வெட்டுவேன். ஒன்றோடொன்று சேர்த்து, அடியில் பழைய நூல் சேலையை நாலு மடிப்பாக வைத்து, மேலே குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டினால் ஒரு விரிப்பு. அப்படித் தைத்ததில் இரண்டு, பரளச்சியில் அண்ணன் வீட்டில் இருக்கின்றன. "ஊர்ப் பொம்பளைக ரவிக்கையெல்லாம் சேத்து வச்சு என்னையப் படுக்கச் சொல்றியே, நல்லாவா இருக்கு?" என்பார் அண்ணன். மதினி முறைப்பார். "நீங்க தரையில படுங்க. தாயி, நீ இன்னொண்ணு தச்சுத் தா." என்னிடம் மிச்சத் துணியைத் திருப்பிக் கேட்காத ஒரே ஆள் மதினிதான். தன் வீட்டுக் கிழிசல்களையும் சேர்த்துத் துவைத்து மடித்துக் கொண்டுவருவார்.

எங்கள் அம்மா போனபோது தங்கைக்கு ஒன்பது வயது. எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மதினிதான் அவளைத் தலைவாரி, பஸ் ஏற்றிப் பள்ளிக்கூடம் அனுப்பி, வயசுக்கு வந்தபோது உட்காரவைத்து, கட்டிக்கொடுக்கும்வரை பார்த்தார். மதினிக்குப் பிள்ளை இல்லை. தங்கைக்கு அம்மா என்றால் அது மதினிதான்.

அண்ணன் ஒரு தை மாதம், காட்டில் மக்காச்சோளம் ஒடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பதினாறாம் நாள் மதினியின் அண்ணன் அவருக்குக் கோடி போட்டார். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போர்த்துகிற புதுச் சேலை அது. வெங்காயத்தோல் நிறம். ஒரு மாதம் கழித்து அந்தச் சேலையின் ரவிக்கைத் துணியை மதினி என்னிடம்தான் கொண்டுவந்தார். அளவெடுக்கும்போது இருவரும் அழுதோம். தைத்துக் கொடுத்தேன். மிச்சம் விழுந்ததைக் கை தன் பாட்டுக்குச் சாக்கில் போட்டது. சத்தியமாக நான் யோசிக்கவில்லை.

அந்த வருஷமே தங்கை முழுகாமல் இருந்தாள். முறைப்படி பிரசவம் பரளச்சி வீட்டில்தான் பார்க்க வேண்டும். "இழவு விழுந்து வருஷம் திரும்பாத வீட்ல எப்பிடி?" என்று தங்கையின் மாமியார் இழுத்தார். நானே முந்திக்கொண்டு, "எங்க வீட்ல பாத்துக்கிறேன்" என்றேன். மதினி, "அதுவும் நல்லதுதான், ஆஸ்பத்திரி பக்கம்" என்றார். எவ்வளவு பெருந்தன்மை என்று அன்றைக்கு நினைத்தேன். அவரிடம் யாரும் அபிப்பிராயமே கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்குப் புதுத்துணி தைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் பெண் பிறந்த பிறகு, பத்து நாளில் அவளுக்கென்று ஒரு விரிப்பைத் தைத்தேன். நான் தைத்ததிலேயே அழகானது. தொட்டில் போட்ட அன்று பிள்ளையை அதன்மேல் கிடத்தியிருந்தோம். மதினி பரளச்சி பஸ்ஸில் காலையிலேயே வந்துவிட்டார். கையைக் காலைக் கழுவிவிட்டுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தவர், விரிப்பைத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் கையை நிறுத்தினார். முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அட, இது என் துணியாச்சே! பிள்ளைக்கு அடியில என் துணியும் கெடக்கு பாரேன்."

தங்கையின் மாமியார் எட்டிப் பார்த்தார். "எந்தத் துணி?"

மதினிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. உடம்பில் கட்டியிருந்தது அதே கோடிச் சேலை. கேட்டவருக்கும் புரிந்தது. அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

தங்கையின் மாமியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய்க்கு நான் பதில் சொல்லியிருப்பேன். அவர் பார்த்தார், அவ்வளவுதான். நான் பிள்ளையைத் தூக்கித் தங்கையிடம் கொடுத்தேன். மெஷின் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்தேன். மதினிக்கு எதிரிலேயே உட்கார்ந்து அந்தச் சதுரத்தைப் பிரிக்க ஆரம்பித்தேன். யாரும் என்னைப் பிரிக்கச் சொல்லவில்லை. எனக்கும் பயம் வந்துவிட்டது, அதுதான் உண்மை.

அவசரத்தில் துணியை வெடுக்கென்று இழுத்தேன். மதினி விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"இழுக்காத தாயி. பக்கத்துத் துணி கிழிஞ்சிரும். மெதுவா."

அவர் பிடித்துக்கொடுக்க நான் பிரித்தேன். பிரிந்து வந்த துண்டை வாங்கி, நூல் பிசிறுகளைக் கிள்ளியெடுத்துவிட்டு, மடித்துத் தன் மணிபர்சில் வைத்துக்கொண்டார். சாப்பிட்டார். மொய் எழுதினார். பிள்ளையைத் தொடாமல், "வாரேன்" என்று சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார். அந்த ஓட்டையில் ஒரு மஞ்சள் துண்டை வைத்துத் தைத்தேன். பிள்ளைக்கு அப்புறமும் சளி பிடித்தது, காய்ச்சல் வந்தது, எல்லாப் பிள்ளைகளையும் போல வளர்ந்தது.

மதினி விசேஷங்களுக்கு வராமல் இல்லை. வந்து, பின்வரிசையில் நின்று, சாப்பிட்டுப் போவார். ரவிக்கைகளை மட்டும் ரெடிமேடாக வாங்க ஆரம்பித்தார். தோள் தொளதொளவென்று நிற்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். மறந்திருப்பார், மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தங்கை இரண்டாவது முறை முழுகாமல் இருக்கிறாள். ஆறு மாதம். பழைய சேலை என்றால் முன்கூட்டியே சேர்த்துவைக்கலாம், அதில் தப்பில்லை. மதினி கட்டிக் கழித்த சேலை ஒன்றை வாங்கி அதை வைத்தே தைப்பது என்று போன மாதம் பரளச்சிக்குக் கிளம்பினேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். இருபுறமும் சோளத்தட்டை காய்ந்து நின்றது. அன்னைக்குப் புத்தி கெட்டுப்போச்சு மதினி, மன்னிச்சிருங்க. இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வர இத்தனை நாள்.

காபி குடித்தோம். சேலை விஷயத்தைச் சொன்னேன். மதினி எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். உள்ளே இரண்டு அடுக்குகள். மேலடுக்கை அப்படியே தூக்கி என் மடியில் வைத்தார்.

"இதெல்லாம் அவுக இருக்கையில கட்டுனது தாயி. நான் பிரிச்சுத்தான் வச்சிருக்கேன். பயப்படாம தைக்கலாம்."

கீழடுக்கில் வெங்காயத்தோல் நிறம் தெரிந்தது. ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. "எனக்கு அந்தச் சேலையத் தாங்க மதினி" என்று மட்டும் சொன்னேன்.

மதினி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"அது வேணாம் தாயி. பிரிக்கும்போது பிடிச்சுக்கிற கைக்கு இப்ப தெம்பில்ல."

பீரோவைச் சாத்தினார். மடியில் இருந்த சேலைகளை எடுத்துப் பையில் அடுக்கி, பஸ் வரும்வரை அவரே சுமந்துகொண்டு என்னோடு நின்றார்.