பதின்மூன்றாவது டப்பா

தராசக்காவிடம் யாரும் உண்மை பேசியதில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. "நேத்து காலையில எந்திரிச்சதுலேர்ந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க?" என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் ஒன்பது வருஷமாக அவள் பார்க்கிற வேலை. ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்துக் காகிதங்களில் அவள் வெறும் களப்பணியாளர். தோள்பையில் எந்நேரமும் ஒரு சின்ன மின்தராசும் அளவுக் கிண்ணங்களும் கிடந்ததால் தெருக்காரர்கள் வைத்த பேர்தான் நிலைத்துவிட்டது.

அவள் கேள்வியைக் கேட்டதும் எப்பேர்ப்பட்ட ஆளும் கீரைக்கு மாறிவிடுவார். சர்க்கரையா, ஐயையோ, தொடுறதே இல்லம்மா. எண்ணெயா, எங்க வீட்டுல பாட்டில் வாங்கி ஆறு மாசம் ஆச்சு. ஒரு மனுஷன் மீசை முழுக்க பிஸ்கட் தூள் ஒட்டியிருக்க, "பிஸ்கட்டெல்லாம் பிள்ளைங்க சாப்பிடும்" என்றார். அந்த வீட்டில் பிள்ளையே கிடையாது. தராசக்கா முகத்தில் ஒரு சுளிப்பும் காட்டாமல் 'பிஸ்கட்: இல்லை' என்று எழுதிக்கொண்டு வெளியே வந்து, தெருமுனை திரும்பியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இப்படிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் நிலையத்து டைரக்டரம்மா ஒரு முடிவுக்கு வந்தார். இனி கேட்கவே வேண்டாம், நிறுத்துவிடலாம். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த தெருவில் பன்னிரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறுகிற பெண் மதியம் தான் எவ்வளவு சாப்பிடுகிறாளோ, அதே அளவு, அதே சாப்பாட்டை நிலையம் கொடுத்த நீலமூடி டப்பாவில் எடுத்துவைக்க வேண்டும். தராசக்கா மூன்று மணிக்கு வந்து வாங்கி நிறுத்து எழுதிக்கொள்வாள். நிலையத்து வேன் வந்து டப்பாக்களை லேபுக்குக் கொண்டுபோகும். அங்கே லேப்காரர் ஒவ்வொரு டப்பாவிலும் உள்ளதைத் தனித்தனியாகப் பெரிய மிக்ஸியில் போட்டுக் கூழாக அரைத்து, பாட்டிலில் அடைத்துச் சோதிப்பார். மொத்தம் ஏழு நாள். பரிமாறுகிறவளுக்குக் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் டைரக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"இந்த ஆய்வு மட்டும் சுத்தமா முடிஞ்சா உங்க வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதுறேன்" என்றார் அவர். ஒன்பது வருஷமாக வருஷாவருஷம் நீட்டிப்புக் கடிதத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தவளுக்கு அதைக் கேட்டுக் கால் தரையில் பாவவில்லை.

முதல் நாள் பன்னிரண்டு வீட்டிலும் ஏறி இறங்கி, "வாய் பொய் சொல்லும், தராசு பொய் சொல்லாது" என்று பெருமையடித்துவிட்டு வந்தாள். அன்றைக்குத் தெருவின் முதல் வீட்டுத் தையல்காரம்மா கொடுத்த டப்பாவில் ஒரு பிடி சோறும் ஒரு மீன்வாலும் இருந்தன. நூற்று நாற்பது கிராம். மற்ற வீடுகளும் ஏறக்குறைய அப்படித்தான், ரொட்டியின் காய்ந்த ஓரம், சூப்பின் அடிமண்டி. தராசக்கா எழுதிக்கொண்டாள்.

கோளாறு இரண்டாம் நாள் ஆரம்பித்தது. அதற்குக் காரணம் அவளேதான். காலையில் அவளுடைய சொந்தச் சாப்பாட்டு டப்பா கீழே விழுந்து மூடி உடைந்துவிட்டது. அச்சகத்தில் வேலை பார்க்கிற கணவனுக்கும் எட்டாம் வகுப்புப் படிக்கிற மகளுக்கும் கட்டிவைத்தாயிற்று. தனக்கு வேண்டுமே என்று, நிலையம் கொடுத்ததில் உபரியாகத் தன் பையில் கிடந்த ஒரு புது நீலமூடி டப்பாவில் சட்டியில் மிச்சமிருந்ததை வழித்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பன்னிரண்டு டப்பாவையும் வாங்கி முடித்து, வேனுக்காகத் தெருக்கோடி படிக்கட்டில் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்தாள். நாலே வாயில் தீர்ந்தது. மூலையில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினாள்.

தையல்காரம்மா மெஷினை ஜன்னலோரம் போட்டிருந்தாள். தெருவில் ஒரு காக்காய் அவள் கண்ணில் படாமல் பறக்க முடியாது. நீலமூடியைப் பார்த்தாள். விரல் நக்குவதைப் பார்த்தாள். மெஷின் நின்றது.

"அடக் கடவுளே" என்று எதிர்வீட்டு டிரைவர் பெண்டாட்டியைக் கூப்பிட்டாள். "ஆராய்ச்சியாவது கீராய்ச்சியாவது! அந்தப் பொண்ணு பசிக்கு வாங்கிட்டுப் போய்த் தின்னுதுடி. நான் மீன்வாலைல்ல வச்சுக் கொடுத்தேன்! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாளைக்கு அவளைப் பார்ப்பேன்?"

பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டு வீட்டுக்கும் சேதி போய்விட்டது. ஆனால் ஒருத்தியாவது தராசக்காவிடம் வாய் திறக்க வேண்டுமே! பாவம், கேட்டால் கூசிப்போவாள் என்று சத்தியம் செய்துகொண்ட மாதிரி எல்லாரும் கமுக்கமாக இருந்துவிட்டார்கள். நல்ல மனசுக்காரர்கள் கூடினால் எவ்வளவு பெரிய குட்டிச்சுவர் எழும்பும் என்று பாருங்கள்.

மூன்றாம் நாள் வாலுக்குப் பதில் நடுத்துண்டு வந்தது. நாலாம் நாள் டப்பா மூடவில்லை, தையல்காரம்மா ரிப்பன் போட்டுக் கட்டியிருந்தாள். ஐந்தாம் நாள் ஒரு வீட்டில் முழுக் கோழிக்கால், இன்னொரு வீட்டில் மீனோடு கேக், கூடவே கைதுடைக்கக் காகிதமும் ஒரு கரண்டியும். தராசக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருப் பெண்கள் இவ்வளவு நன்றாகச் சாப்பிடுகிறார்களே என்று வேனில் போகும்போது பாட்டே முணுமுணுத்தாள்.

ஆறாம் நாள் டிரைவர் பெண்டாட்டி டப்பாவை நீட்டிக்கொண்டே மெல்லக் கேட்டாள். "நேத்து உப்பு சரியா இருந்துச்சாம்மா?"

முந்தின நாள் டப்பாவுக்கான லேப் முடிவு தராசக்காவின் பையில்தான் இருந்தது. "கொஞ்சம் தூக்கல்தான்" என்றாள். "பாதியாக் குறைச்சா நல்லது."

டிரைவர் பெண்டாட்டி உள்ளே போய், "என்ன நாக்கு, என்ன நாக்கு!" என்று புருஷனிடம் வியந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் உப்பு பாதியானது.

ஏழு நாள் முடிந்ததும் டைரக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் கணக்குத் தாள் விரித்திருந்தது. "உங்க தையல்காரம்மா எத்தனை கிலோ இருப்பாங்க?"

"நாப்பத்திரண்டு மேடம்."

"மதியம் ஒரு வேளைக்கு ஒண்ணேகால் கிலோ சாப்பிடுறாங்களாம். பன்னிரண்டு பேரும் இப்படித்தான். மூணாவது நாள்லேர்ந்து அந்தத் தெருவுல பயில்வான் பள்ளிக்கூடம் ஏதாவது திறந்திருக்காங்களா?" என்றவர் கண்ணாடியைக் கழற்றினார். "உண்மையைச் சொல்லுங்க. வீட்டுக்குப் போகாம நீங்களே எங்கேயாவது வாங்கி நிரப்பினீங்களா?"

ஒன்பது வருஷத்தில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. "என் பொண்ணு மேல சத்தியமா இல்ல மேடம்" என்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

"அழாதீங்க. நாளைக்கு நானே வர்றேன்."

வந்தார். டைரக்டரம்மாவும் ஒல்லிதான், கழுத்தெலும்பு தெரியும். தையல்காரம்மா கதவைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏய், இன்னொருத்தரையும் கூட்டிட்டு வந்திருக்குடி! இதுவும் எலும்பும் தோலுமாத்தான் இருக்கு! சட்டியோட கொண்டா!"

டைரக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து மடியில் தட்டு வைத்தாயிற்று. "வெக்கப்படாதீங்கம்மா" என்று தையல்காரம்மா தோளைத் தட்டினாள். "ஆராய்ச்சிங்கிறதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தானே. பசிக்கு முன்னாடி என்ன கௌரவம்? இந்தப் பொண்ணு படியில உக்காந்து நம்ம டப்பாவை வழிச்சு நக்கினதை நான் பார்த்துட்டேன்."

டைரக்டரம்மா தராசக்காவைப் பார்த்தார். தராசக்கா தரையைப் பார்த்தாள். முப்பது வருஷம் ஆராய்ச்சி செய்த அந்த அம்மாள் கண்ணாடி கழன்று சோற்றில் விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

சிரிப்பு வாசலோடு முடிந்தது. "மூணாவது நாள்லேர்ந்து எல்லாம் வீண்" என்றார் தெருவில். "மறுபடியும் ஏழு நாள் எடுக்கணும். பன்னிரண்டு வீடும் வேணும். ஒரு வீடு குறைஞ்சாலும் ஆய்வு செல்லாது, உங்க வேலைக்கும் நான் எழுத முடியாது. டப்பா எங்கே போகுதுங்கிறதை மறைக்காம சொல்லி சம்மதம் வாங்கிட்டு வாங்க."

மறுநாள் தையல்காரம்மா வீட்டில் பன்னிரண்டு பேரும் கூடினார்கள். மெஷினுக்கும் துணிமூட்டைக்கும் நடுவே நின்று தராசக்கா, டப்பா லேபுக்குப் போய் அரைபடுகிறதைச் சொல்லி முடித்தாள்.

"அரைக்கிறதா?" என்றாள் கோழிக்கால் வைத்தவள். "எலும்போடயா?"

"எலும்பை எடுத்துட்டுத்தான்."

"என் கேக்கு?" என்றாள் கேக் வைத்தவள்.

"ஒரு டப்பாவுல இருக்கிற எல்லாம் ஒண்ணாத்தான்."

"மீனோட கேக்கையா!" என்று அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "கண்ணுமுன்னாடி சொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"அப்போ உப்பு தூக்கல்னு சொன்னது?" இது டிரைவர் பெண்டாட்டி.

"மெஷின் சொன்னதுக்கா."

"ஒரு மெஷின் பேச்சைக் கேட்டா என் புருஷன் நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியுறாரு!"

யாரோ ஒருத்தி களுக்கென்றாள். அவ்வளவுதான், அறையே குலுங்கியது. ஒருத்தி துணிமூட்டைமேல் சாய்ந்துகொண்டு, "மீனு கேக்கு, மீனு கேக்கு" என்று மூச்சு வாங்கினாள். சிரிக்காதவள் தையல்காரம்மா ஒருத்திதான்.

"பதினோரு வீட்டை வச்சு நடத்திக்க" என்றாள். "என் வீடு கிடையாது. நான் ரிப்பன் கட்டிக் கொடுத்தது மிக்ஸிக்கு இல்ல."

பதினொன்று போதாதே!

"ஒண்ணு சொல்லு" என்றாள் தையல்காரம்மா மறுபடியும். "அன்னிக்குப் படியில தின்னியே, அது எங்க வீட்டுது இல்லன்னா, பின்ன யாருது?"

"என்னோடதுதான்க்கா. வீட்டுலேர்ந்து கொண்டு வந்தேன்."

"அவ்வளவுதானா உன் சாப்பாடு?"

"வயிறு நிறையத்தான் சாப்பிட்டேன்."

தையல்காரம்மா அவளை உற்றுப் பார்த்தாள். "நாளைக்கு உன் டப்பாவை எடுத்துட்டு வா. தினம் எவ்வளவு திங்கிறியோ அவ்வளவு, கூடவும் வேணாம் குறையவும் வேணாம். நான் நிறுத்துப் பார்க்கிறேன். என் வீடு உண்டா இல்லையான்னு அப்புறம் சொல்றேன்."

மறுநாள் காலை தராசக்கா அடுப்படியில் நின்றாள். கணவனுக்கும் மகளுக்கும் கட்டியாயிற்று. சட்டியில் வழக்கம்போலக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வழித்துப் போட்டாள். பார்க்க அசிங்கமாக இருந்தது. மகள் டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி சோறு எடுத்துப் போட்டாள். கணவன் டப்பாவில் மேலாக உட்கார்ந்திருந்த பெரிய வறுத்த உருளைக்கிழங்கையும் தூக்கினாள். ஒன்பது வருஷம் பிஸ்கட் மீசையைப் பார்த்துச் சிரித்தவள்தான் இவள்.

தராசக்கா காலி டப்பாவின் எடையைக் கழித்துக் கொடுத்த தராசில் தையல்காரம்மா அந்த டப்பாவை வைத்தாள். "முந்நூத்தி எண்பது. அன்னிக்கு நாலு வாயில முடிச்சியே? இதை நாலு வாயில முடிக்க யானைதான் வரணும்." மூடியை மெல்லத் திறந்தாள். "வாய் பொய் சொல்லும், அப்புறம் என்னமோ சொன்னியே, அது என்னடி?"

தராசக்காவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கிழங்கை எடுத்துத் தட்டில் வைத்தாள். இரண்டு கரண்டிச் சோற்றையும் எடுத்தாள். தராசு நூற்று முப்பத்தைந்து என்றது.

தையல்காரம்மா எண்ணைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், சற்று முன் பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டுத் தனக்கென்று வைத்திருந்த தட்டை எடுத்துவந்து தராசில் வைத்தாள். தட்டின் எடையையும் கழிக்கத் தராசக்காதான் சொல்லிக்கொடுத்தாள். நூற்று முப்பது.

"அடிப்பாவி" என்றாள் தையல்காரம்மா. "நீ என்னைவிட அஞ்சு கிராம் பெரிய பணக்காரியாடி!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் சிரிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நிற்கவில்லை. தட்டில் எடுத்துவைத்த கிழங்கை இரண்டாகப் பிய்த்து இருவரும் நின்றபடியே தின்றார்கள்.

"என் வீட்டை எழுதிக்க" என்றாள் தையல்காரம்மா, வாய் நிறையக் கிழங்கோடு. "பதின்மூணாவதா உன்னையும் எழுது. இல்லன்னா நான் வரமாட்டேன்."

ஏழு நாள் உள்ளதை உள்ளபடி வைத்தார்கள். டப்பாக்கள் இலேசாகவே வந்தன. அறிக்கையில் பதின்மூன்று வரிகள் இருந்தன, டைரக்டரம்மா கடைசி வரியை அடிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து நிரந்தர உத்தரவும் வந்தது.

உத்தரவு வந்த மறுநாள் மதியம் போன் அடித்தது. கணவன், அச்சகத்திலிருந்து. "ஏம்மா, என் டப்பாவுல உருளைக்கிழங்கைக் காணோமே?"

தராசக்கா அதே படிக்கட்டில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அது இன்னிக்கு என் டப்பாவுல இருக்கு" என்று சொல்லிவிட்டு, கிழங்கை எடுத்துக் கடித்தாள்.