ஆறு பக்கக் கல்

இலங்கையில், இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் பத்து வருடம் சரளை அரித்தவள் கருப்பம்மா. பக்கங்களை எண்ணியே கல்லை இனம் காண்பாள். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபின் அவள் குடியிருந்த மஞ்சூர் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில், முருகன் படத்தின் முன்னிருந்த கல்லை சூப்பர்வைசர் வேலுசாமி எடுத்துக்கொண்டார்.

“சிலோன்ல இருந்து வைரம் கடத்தியாந்திருக்கற.”

“வெறும் படிகக் கல்லுங்க ஐயா. ஆறு பக்கம், குறுக்கே கோடு. வைரம்னா எட்டு முகம்.”

“கைநாட்டெல்லாம் கல்லைப் பத்திப் பேசுதாக்கும்.”

மறுநாள் வேலுசாமி கொண்டுபோய்க் காட்டிய கல்லை, அணை வேலைக்கு வந்திருந்த நிலவியல் அதிகாரி லென்ஸ் வைத்துப் பார்த்தார். “ஆறு பக்கம், குறுக்குக் கோடு. படிகம்தான்.”

வேலுசாமி லயத்துக்கு வந்து கல்லை நீட்டினார்.

கருப்பம்மா கை நீட்டவில்லை. “நானும் அதைத்தானே சொன்னேன்? அங்கே கள்ளத்தோணின்னாங்க, இங்கே கடத்தல்காரிங்கிறீங்க. எடுத்த கையாலேயே சாமி முன்னாடி வைங்க.”

லயமே பார்த்து நின்றது. வேலுசாமி செருப்பைக் கழற்றினார்.